ஏழாம் தொட்டியின் சூடு, மூன்றாம் தொட்டியின் பெயரில்

கிராமக் கூட்டுறவுச் சங்கங்களில் உள்ள 12 பால் குளிர்விப்புத் தொட்டிகளின் வெப்பநிலையை ஒரே திரையில் காட்டும் வலைச் செயலி ஒன்றை எங்கள் சிறு குழு எழுதிக் கொடுத்திருந்தது. பல மாதங்கள் குறையின்றி ஓடிய அந்தத் திரை, ஒரு நாள் மாலையில் ஏழாம் தொட்டியில் ஏறிய சூட்டை மூன்றாம் தொட்டியின் பெயருக்கு எதிரே காட்டியது. எண் சரியாக இருந்தது. பட்டையின் நீளம் சரியாக இருந்தது. எச்சரிக்கைச் சிவப்பும் உரிய நேரத்தில் எழுந்தது. பெயர் மட்டுமே தவறு. விளக்கப்படத்தில் எந்தப் பிழையும் வரலாம், ஆனால் இந்தப் பிழை வரக்கூடாது என்று இன்று நான் நினைப்பதற்குக் காரணம் அந்த மாலைதான். தரவு மாறும்போது படத்தையும் மாற்றுவது எப்படி என்பதை அந்த ஒரு பிழையின் வழியாகவே இங்கு விளக்க முயல்கிறேன்.

நடந்தது இதுதான். மையத்தில் இருந்த மேற்பார்வையாளர் சுவரில் மாட்டியிருந்த திரையைப் பார்த்துவிட்டு மூன்றாம் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசினார். "அண்ணே, உங்க தொட்டி ஒன்பது டிகிரி காட்டுது, கொஞ்சம் பாருங்க" என்றார். "இல்லீங்க சார், நாலுலதான் நிக்குது, தெர்மாமீட்டர் போட்டே பார்த்துட்டேன்" என்று பதில் வந்தது. உணரி பழுது என்று பதிவேட்டில் எழுதிக்கொண்டார். ஏழாம் சங்கத்துக்கு யாரும் பேசவில்லை, ஏனெனில் திரையில் ஏழாம் தொட்டியின் பட்டை அடக்கமாகப் பச்சையில் இருந்தது. அங்கே கம்ப்ரசர் நின்று போயிருந்தது இரவு டேங்கர் போன பிறகே தெரிந்தது. அந்தத் தொட்டியின் பாலைத் தனியே பிரித்துச் சோதிக்க வேண்டியதாயிற்று.

பால் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒரு விளக்கம். கறந்த பாலின் சூடு மாட்டின் உடற்சூட்டை ஒட்டியே இருக்கும், அதாவது 37 டிகிரி செல்சியசுக்கு அருகில். அதை விரைவில் 4 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் நுண்ணுயிர்ப் பெருக்கம் கட்டுக்குள் இருக்கும். காலையும் மாலையும் பால் ஊற்றும் வேளையில் தொட்டியின் வெப்பநிலை ஏறும், பிறகு மெல்ல இறங்கும். ஆகவே நாளின் பெரும்பகுதியில் 12 தொட்டிகளும் நான்கை ஒட்டியே நிற்க, அந்த இரண்டு வேளைகளில் மட்டும் அவற்றின் வரிசை கலைந்து கலைந்து அமையும். எங்கள் பிழை அத்தனை மாதம் ஒளிந்திருந்ததற்கும் அன்று வெளிப்பட்டதற்கும் இந்த இயல்பே காரணம்.

பிழை எங்கே ஒளிந்திருந்தது

திரையின் இடப்பக்கத்தில் பட்டை விளக்கப்படம் இருந்தது. அதிகச் சூடுள்ள தொட்டி மேலே வரும்படி, பத்து விநாடிக்கு ஒருமுறை வரிசைப்படுத்தி வரையப்படும். இதை டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைக் கொண்டு எழுதியிருந்தோம். வலப்பக்கத்தில் கடந்த ஆறு மணி நேரத்தின் கோட்டுப் படம் சார்ட்.ஜேஎஸ் நூலகத்தில் இருந்தது. இரண்டையும், பக்கத்தின் பகுதிகளைக் கட்டி அமைக்கும் ரியாக்ட் என்ற நூலகம் சுற்றியிருந்தது.

மேற்பார்வையாளர் எங்களை அழைத்தபோது நான் என் கணினியில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. "இங்கே ஏழுதான் மேலே இருக்கிறது, ஐயா, நீங்கள் சரியாகப் பாருங்கள்" என்று சொன்னேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் தன் சுவர்த் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எண்கள் ஒன்றாகவும் பெயர்கள் வேறாகவும் இருந்தன. அவருடைய திரை நான்கு நாட்களாகத் திறந்தபடி இருந்தது, என்னுடையது அப்போதுதான் திறக்கப்பட்டது. பக்கத்தைப் புதிதாக ஏற்றினால் பிழை மறைந்துவிடும். நிரலாளர் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏற்றியே பார்ப்பார். பயன்படுத்துபவரோ ஏற்றிய பக்கத்தை மூடுவதே இல்லை. மாறும் விளக்கப்படங்களில் உள்ள பெரும்பாலான பிழைகள் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன என்பது என் கணிப்பு.

இனி அந்தப் பிழையின் உள்ளே போகலாம். டி3 நூலகத்தை மைக்கேல் பாஸ்டாக், வாடிம் ஓகியெவெட்ஸ்கி, ஜெஃப்ரி ஹீர் ஆகியோர் ஸ்டான்ஃபோர்டில் 2011இல் வெளியிட்டார்கள். அதற்கு முன் பாஸ்டாக்கும் ஹீரும் புரோட்டோவிஸ் என்ற நூலகத்தை உருவாக்கியிருந்தார்கள். டி3இன் உயிர்நாடி தரவுப் பிணைப்பு. திரையில் இருக்கும் பட்டை, எழுத்து போன்ற உறுப்புகளையும் கையில் இருக்கும் தரவுகளையும் அது எதிரெதிரே நிறுத்தி மூன்று கூட்டமாகப் பிரிக்கும். தரவு உண்டு, அதற்கு உறுப்பு இல்லை என்றால் அது என்டர். இரண்டும் உண்டு என்றால் அப்டேட். உறுப்பு உண்டு, அதற்குரிய தரவு போய்விட்டது என்றால் எக்சிட். புதியவற்றைப் படைப்பதும், இருப்பவற்றைத் திருத்துவதும், போனவற்றை நீக்குவதும் ஆகிய மூன்று வேலைகளையும் தனித்தனியே சொல்லக் கிடைத்த இந்த வாய்ப்பே டி3 அவ்வளவு பரவியதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் எந்தத் தரவை எந்த உறுப்போடு எதிரே நிறுத்துவது? நாம் எதுவும் சொல்லாவிட்டால் டி3 வரிசை எண்ணைக் கொண்டே பொருத்தும். முதல் தரவு முதல் உறுப்புக்கு, இரண்டாம் தரவு இரண்டாம் உறுப்புக்கு. வகுப்பில் மாணவர்களை உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கொண்டு அழைப்பது போன்றது இது. இடம் மாறி உட்கார்ந்தால் ஒருவருடைய மதிப்பெண் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். பெயரைச் சொல்லி அழைக்க வேண்டுமென்றால் பிணைக்கும்போதே கீ எனப்படும் ஒரு சார்பையும் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தரவுக்கும் அதன் நிலையான அடையாளம் என்ன என்பதை அந்தச் சார்பு சொல்லும். எங்களிடம் தொட்டி எண் இருந்தது. அதைக் கீயாக நாங்கள் கொடுக்கவில்லை.

கீ இல்லாமலும் படம் சரியாக வந்திருக்க முடியும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் நீளம், நிறம், எண், பெயர் ஆகிய நான்கையும் திருத்தியிருந்தால், உறுப்புகள் மாறி மாறிப் பிணைந்தாலும் கண்ணுக்குத் தெரிவது உண்மையாகவே இருந்திருக்கும். எங்கள் நிரல் முதல் மூன்றையும் ஒவ்வொரு முறையும் திருத்தியது, பெயரை மட்டும் உறுப்பு படைக்கப்படும்போது ஒருமுறை எழுதிவிட்டு விட்டுவிட்டது. ஏன் அப்படி எழுதினோம் என்று பழைய பதிப்புகளைத் தோண்டிப் பார்த்தபோது ஒரு சிறு வரலாறு வெளிவந்தது.

எங்கள் முதல் வரைவு டி3இன் மூன்றாம் பதிப்புக் காலத்து மாதிரி ஒன்றைத் தழுவியது. அந்தப் பதிப்பில் என்டர் கூட்டத்துக்கு உறுப்புகளைச் சேர்த்தவுடன் அவை தாமாகவே அப்டேட் கூட்டத்திலும் கலந்துவிடும். அதன் பிறகு எழுதும் எந்தத் திருத்தமும் புதியவை, பழையவை இரண்டையும் தொடும். 2016இல் வந்த நான்காம் பதிப்பு இந்த மறைமுகக் கலப்பை நீக்கிவிட்டது. இரண்டு கூட்டங்களையும் மெர்ஜ் என்ற கட்டளையால் நாமே இணைக்க வேண்டும். பதிப்பை உயர்த்திய அன்று, படத்தை முதல்முறை வரைந்தபோது பெயர்கள் வராமல் வெறுமையாக இருந்தன. அதைச் சரிசெய்த எங்கள் குழு நண்பர், பெயர் எழுதும் வரியை என்டர் பகுதிக்குள் நகர்த்தினார். பெயர்கள் வந்துவிட்டன. "தொட்டியின் பெயர் ஒருபோதும் மாறப்போவதில்லை, ஒருமுறை எழுதினால் போதும்" என்பது அவருடைய காரணம். நிரலைச் சரிபார்த்த நானும் அதை ஒப்புக்கொண்டேன்.

அந்தக் காரணம் தொட்டியைப் பொறுத்தவரை முற்றிலும் உண்மை. திரையில் இருந்த உறுப்போ தொட்டி அல்ல, ஓர் இடம். மேலிருந்து முதலாம் இடம், இரண்டாம் இடம் என்று 12 இடங்கள். அந்த இடங்களில் பெயர்ப் பலகையை ஆணியடித்துவிட்டு, தொட்டிகளின் எண்களை மட்டும் அவற்றுக்குள் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருந்தோம். நான்கு நாட்களுக்கு முன்பு பக்கம் திறந்த நொடியில் மூன்றாம் தொட்டி முதலிடத்தில் இருந்தது, ஆகவே முதலிடம் நான்கு நாட்களும் மூன்றாம் தொட்டியின் பெயரைத் தாங்கி நின்றது. சாதாரண வேளைகளில் எல்லாத் தொட்டிகளும் நான்கை ஒட்டியே இருந்ததால், யார் பெயரில் யார் எண் இருக்கிறது என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

திருத்தம் இரண்டு வரிகள்தான். தொட்டி எண்ணைக் கீயாகக் கொடுத்தோம். பழைய முறையைக் கைவிட்டு, 2019இல் ஐந்தாம் பதிப்பில் சேர்ந்த ஜாயின் என்ற கட்டளையை எடுத்துக்கொண்டோம். அது புதியவற்றைச் சேர்த்து, போனவற்றை நீக்கி, புதியவையும் இருப்பவையும் கலந்த கூட்டத்தைத் திருப்பித் தரும். அதற்குப் பிறகு எழுதுவது எல்லாவற்றையும் தொடும். இவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்திருந்தாலே அன்றைய பிழை நேர்ந்திருக்காது. இரண்டையும் செய்ததற்குக் காரணம் உண்டு. ஜாயின் பெயரைச் சரியாக்கும், ஆனால் பட்டைகள் இடம் மாறுவதை அது காட்டாது. இருந்த இடத்திலேயே பெயரும் நீளமும் சட்டென்று மாறிவிடும். கீ இருந்தால்தான் ஏழாம் தொட்டியின் பட்டை, அதே பட்டையாகவே, கீழிருந்து மேலே ஏறிச் செல்வதைக் கண் தொடர முடியும்.

ரியாக்ட் பயன்படுத்துவோருக்கு இது புதிதல்ல. பட்டியலில் உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் கீ கொடு என்று 2013இல் வெளியான அந்த நூலகம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கொடுக்காவிட்டால் உலாவியில் நிரலாளர் பார்க்கும் கன்சோல் பலகத்தில் எச்சரிக்கை வரும். அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காகவே வரிசை எண்ணைக் கீயாகக் கொடுத்துவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. வரிசை மாறக்கூடிய பட்டியலில் அது எச்சரிக்கையை மட்டும் நீக்குகிறது, பிழையை அப்படியே விட்டுவைக்கிறது. எங்கள் நிரலில் பட்டைகளை ரியாக்ட் வரையவில்லை. வெற்றுப் பெட்டி ஒன்றை மட்டும் ரியாக்டிடம் பெற்று அதன் உள்ளே டி3 வரைந்தது. இரண்டு நூலகங்களும் ஒரே உறுப்பைத் தொட்டால் ஒன்று செய்ததை மற்றொன்று அழிக்கும் என்பதால் இந்தப் பிரிவினை சரியானதே. ஆனால் அதனால் ரியாக்டின் எச்சரிக்கையும் எங்களை எட்டவில்லை.

நழுவும் கோடு

பட்டைகளைத் திருத்திய கையோடு கோட்டுப் படத்தையும் ஆராய்ந்தோம். அங்கே இதே பிழை வேறு உருவில் இருந்தது.

நேரம் நகர நகர, கோட்டின் இடப்பக்க முனையிலிருந்து பழைய புள்ளி ஒன்று உதிர்ந்து, வலப்பக்க முனையில் புதிய புள்ளி ஒன்று சேர வேண்டும். கண்ணுக்குக் கோடு இடப்பக்கமாக நழுவ வேண்டும். எங்கள் படத்திலோ கோடு நழுவவில்லை, ஒவ்வொரு புதுப்பிப்பிலும் பாம்பு போல மேலும் கீழும் நெளிந்தது. நாங்கள் பழைய தரவு வரிசையை எடுத்துவிட்டுப் புதிய வரிசையை அப்படியே வைத்தோம். நூலகம் பழைய வரிசையின் நூறாம் புள்ளியையும் புதிய வரிசையின் நூறாம் புள்ளியையும் ஒரே புள்ளி என்று கொண்டு, அதன் உயரத்தை மெல்ல மாற்றியது. உண்மையில் பழைய நூறாம் புள்ளி இப்போது தொண்ணூற்றொன்பதாம் புள்ளி ஆகிவிட்டது. இங்கேயும் வரிசை எண் அடையாளத்தின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது. டி3இல் கோடு வரைபவர்களும் இதைச் சந்திப்பார்கள், ஏனெனில் அங்கே கோட்டின் வடிவம் எண்கள் நிறைந்த ஒரு சரமாகவே இடைநிரப்பப்படுகிறது. முன்னும் பின்னுமான எண்கள் இருக்கும் வரிசைப்படியே இணையாக்கப்படும். அங்கே உரிய வழி, புதிய புள்ளியைச் சேர்த்த பின் கோடு முழுவதையும் ஓர் இடைவெளி அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தி, நகர்ந்து முடிந்தபின் பழைய புள்ளியை உதிர்ப்பது.

சார்ட்.ஜேஎஸ் இதற்கு ஒரு வசதி வைத்திருக்கிறது. தரவு வரிசையில் புஷ் (கடைசியில் சேர்ப்பது), ஷிஃப்ட் (முதலிலிருந்து எடுப்பது) போன்ற கட்டளைகளை நேரடியாகப் பயன்படுத்தினால், எந்த முனையில் எது சேர்ந்தது, எது உதிர்ந்தது என்பதை அது கவனித்துக்கொள்ளும். ஆனால் ரியாக்டின் ஒழுங்கு இதற்கு நேர் எதிரானது. இருக்கும் வரிசையை மாற்றாதே, புதிய வரிசையை உண்டாக்கித் தா என்று அது சொல்லும். பழைய வரிசையிலேயே புஷ் செய்தால் ஒன்றும் மாறவில்லை என்று கருதித் திரும்ப வரையாது. இரண்டு நியாயங்களும் மோதும் இந்த இடத்தில், கோட்டின் தரவை ரியாக்ட் கண்காணிக்கும் நிலைக்குள் (ஸ்டேட்) வைக்காமல், விளக்கப்படப் பொருளிடமே விட்டுவிட்டு, புதிய அளவீடு வரும்போது மட்டும் அதனிடம் சேர்த்து அப்டேட் கட்டளையை அழைப்பது என்று முடிவு செய்தோம். அசைவே வேண்டாம் என்ற எண்ணத்தில் 'நன்' (none) என்ற முறையையும் அந்த அழைப்போடு சேர்த்தோம். இயல்புநிலையில் சார்ட்.ஜேஎஸ் ஒரு விநாடி அசைவைச் சேர்க்கும். பத்து விநாடிக்கு ஒரு புள்ளி நகரும் கோட்டுக்கு அந்த அசைவால் பயனில்லை.

இதற்கு முன் இருந்த நிரல் ஒவ்வொரு முறையும் விளக்கப்படப் பொருளைப் புதிதாகவே உண்டாக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பழையதை டெஸ்ட்ராய் கட்டளையால் அழிக்காமல் படம் வரையப்படும் பரப்பான அதே கேன்வாசில் இன்னொன்றை உண்டாக்கினால், இந்தக் கேன்வாஸ் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது என்று சார்ட்.ஜேஎஸ் பிழை காட்டும். அழித்துவிட்டு உண்டாக்கினால் பிழை வராது, ஆனால் பயனர் உருப்பெருக்கிப் பார்த்துக்கொண்டிருந்த பகுதியும், அவர் மறைத்துவைத்த கோடுகளும் பத்து விநாடிக்கு ஒருமுறை பறிபோகும். தரவு நம்முடையது, பார்வை அவருடையது. பிளாட்லி நூலகத்தில் இதற்கென்றே யுஐரிவிஷன் என்ற ஓர் அமைப்பு உண்டு. அதன் மதிப்பு மாறாதவரை, தரவு எத்தனை முறை மாறினாலும் பயனர் வைத்த உருப்பெருக்கம் கலையாது. சார்ட்.ஜேஎஸில் ஒரே பொருளை உயிரோடு வைத்துத் திருத்துவதே அதற்கு நிகரான வழி.

புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒரு கேள்வியாக வந்தது. பத்து விநாடிக்கு ஒன்று என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தொட்டிக்கு 2,160 புள்ளிகள், 12 தொட்டிகளுக்கு 25,920. படத்தின் அகலம் 800 பிக்சல் அளவே. குறைத்து வரைவதற்குச் சார்ட்.ஜேஎஸில் இரண்டு முறைகள் உள்ளன. ஒன்று எல்டிடிபி, ஐஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஸ்வேய்ன் ஸ்டெய்னார்சன் 2013இல் எழுதிய ஆய்வேட்டிலிருந்து வந்தது. மற்றொன்று ஒவ்வொரு பிக்சல் அகலத்திலும் உச்சத்தையும் தாழ்வையும் காக்கும் மின்மேக்ஸ். எல்டிடிபி வரையும் கோடு பார்க்க அழகாகவும் புள்ளிகளில் சிக்கனமாகவும் இருக்கும். எனினும் ஒரு கண உச்சமும் தவறக்கூடாத இடம் என்பதால் மின்மேக்சையே எடுத்துக்கொண்டோம்.

தரவு வராதபோது

அன்றைய பிழையைத் தேடும்போது எங்களுக்கு மிகுந்த அச்சத்தைத் தந்தது வேறொன்று. அது இன்னும் நேர்ந்திருக்கவில்லை, ஆனால் நேர்வதற்கு எல்லாம் தயாராக இருந்தது.

கிராமத்தில் மின்சாரம் போனால் கம்ப்ரசர் நிற்கும். அதே மின்சாரத்தை நம்பியிருக்கும் உணரியும் மோடமும் நிற்கும். தரவு வராது. தரவு வராதபோது எங்கள் விளக்கப்படம் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. கடைசியாக வந்த நான்கு டிகிரியைப் பச்சை நிறத்தில் காட்டியபடி நின்றது. எந்த வேளையில் பால் சூடேறத் தொடங்குகிறதோ அதே வேளையில்தான் திரை மிக அமைதியாக இருக்கும். புதிய தரவு வரும்போது மட்டும் வரை என்று எழுதப்பட்ட எந்த நிரலிலும் இந்த ஓட்டை இருக்கும்.

ஆகவே ஒவ்வோர் அளவீட்டோடும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் வைத்தோம். தரவு வந்தாலும் வராவிட்டாலும் பத்து விநாடிக்கு ஒருமுறை படத்தைப் புதுப்பிக்கும் கடிகாரம் ஒன்றையும் சேர்த்தோம். அளவீட்டின் வயது ஒரு நிமிடத்தைத் தாண்டினால் பட்டை நிறமிழந்து சாய்கோடுகளாக மாறும், கடைசியாகச் செய்தி வந்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்பது எண்ணுக்குப் பதிலாக நிற்கும். கோட்டுப் படத்தில் இதற்கு இணையான ஆபத்து, தரவில்லாத நேரத்தின் இரு முனைகளையும் நேர்கோடு ஒன்று இணைத்துவிடுவது. அரை மணி நேர மின்வெட்டில் 4 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்கு ஏறியதைச் சீரான சரிவாகக் காட்டும் அந்தக் கோட்டில் ஒரு புள்ளியும் அளக்கப்பட்டதல்ல. சார்ட்.ஜேஎஸில் ஸ்பேன்கேப்ஸ் என்ற அமைப்புக்கு எண் ஒன்றைக் கொடுத்தால், இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம் அந்த எண்ணை மீறும் இடத்தில் கோடு முறியும். நேர அச்சில் அந்த எண் மில்லிவிநாடிக் கணக்கு. நாங்கள் 60,000 கொடுத்தோம்.

தரவைக் கொண்டுவரும் வழியையும் மாற்றினோம். முன்பு உலாவி பத்து விநாடிக்கு ஒருமுறை செர்வரைக் கேட்டது. இப்போது செர்வரே அனுப்பும் நிகழ்வோடை. உலாவிகளில் உள்ள ஈவென்ட்சோர்ஸ் அறுந்த இணைப்பைத் தானே மீண்டும் கட்டும், கடைசியாகப் பெற்ற நிகழ்வின் எண்ணையும் செர்வருக்குச் சொல்லும், அதனால் இடையில் விட்டதை நிரப்பிக்கொள்ள முடிகிறது. ஒரு வழிப் பயணம் மட்டுமே தேவைப்படும் இத்தகைய திரைக்கு இருவழி இணைப்பான வெப்சாக்கெட் வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து.

பயனர் ஆறு மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்கும், உடனே மீண்டும் ஆறு மணி நேரத்துக்கும் மாற்றும்போது, முதலில் கேட்ட நீண்ட கேள்வியின் பதில் கடைசியாக வந்து சேர்ந்து சரியான படத்தின் மேல் ஏறி உட்காரும் பிழையும் இருந்தது. புதிய கேள்வி கிளம்பும்போது பழையதை உலாவியின் அபார்ட்கன்ட்ரோலர் என்ற வசதியால் ரத்து செய்வதோடு அது தீர்ந்தது.

அசைவும் அச்சும்

கீ சேர்த்தபின் பட்டைகள் இடம் மாறுவதைக் காட்ட முக்கால் விநாடி அசைவு வைத்தோம். விளக்கப்படத்தில் அசைவு வெறும் அலங்காரம் என்று எண்ணுவோர் உண்டு. ஜெஃப்ரி ஹீரும் ஜார்ஜ் ராபர்ட்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புள்ளிவிவரப் படத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது தக்க அசைவு இருந்தால் மாற்றத்தைப் பின்தொடர்வது எளிதாகிறது என்று கண்டார்கள். அந்த முடிவை நான் ஏற்கிறேன். ஆனால் அசைவுக்குள் பொய்யும் புகுந்துவிடும். எங்கள் முதல் வரைவில் பட்டையோடு எண்ணும் 4.1, 4.8, 5.6 என்று ஓடி 9.0இல் நின்றது. நடுவில் ஓடிய எண்கள் யாரும் அளக்காதவை. அந்த முக்கால் விநாடிக்குள் ஒருவர் திரையைப் படமெடுத்தால் அது பொய்ச் சாட்சி ஆகிவிடும். இப்போது இடம் மட்டுமே அசைகிறது, எண்ணும் நிறமும் உடனே மாறுகின்றன. கணினி அமைப்பில் அசைவைக் குறைக்கக் கேட்டிருப்பவர்களுக்கு இடமும் உடனே மாறும்.

அச்சின் அளவையும் விடாமல் சொல்ல வேண்டும். தரவின் சிறுமத்தையும் பெருமத்தையும் கொண்டு ஒவ்வொரு முறையும் அச்சைக் கணக்கிட்டிருந்தோம். எல்லாத் தொட்டிகளும் 3.9க்கும் 4.2க்கும் இடையில் இருந்த நள்ளிரவில் கோடுகள் மலைத்தொடர் போலத் தெரிந்தன. ஒரு தொட்டி 30 டிகிரிக்குப் போன காலையில் மற்ற பதினொன்றும் தரையோடு தட்டையாகின. பார்ப்பவர் அச்சின் எண்களைப் படிக்கமாட்டார், வடிவத்தையே படிப்பார். அச்சு ஓடிக்கொண்டே இருந்தால் நேற்று பார்த்த வடிவத்தோடு இன்றையதை ஒப்பிட அவருக்கு வழியில்லை. அச்சை 0 முதல் 12 வரை நிறுத்தி, நான்கில் ஒரு நிலைக்கோடு வரைந்தோம். வெப்பநிலை 12ஐத் தாண்டினால் அச்சு விரியும், அந்த வேளை முடியும்வரை மீண்டும் சுருங்காது.

பிழையைத் திருத்திய பிறகு அதற்கென ஒரு சோதனை எழுதினோம். 12 தொட்டிகளின் தரவை ஒரு வரிசையில் கொடுத்து வரைந்து, பிறகு அதே தரவைக் கலைத்துக் கொடுத்து, திரையில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் அந்தப் பெயருக்குரிய எண்தான் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஒருமுறை மட்டும் வரைந்து பார்க்கும் எங்கள் பழைய சோதனைகள் எல்லாம் பிழையுள்ள நிரலிலும் தேறியிருந்தன. இந்தப் புதிய சோதனை பழைய நிரலில் முதல் ஓட்டத்திலேயே தோற்றது.

திருத்திய பக்கத்தை மையத்தில் காட்டியபோது, பட்டைகள் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்குவதை மேற்பார்வையாளர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது மேலும் கீழும் போகாம இருந்தா நல்லது தம்பி, டேங்கர் போற வரிசையிலேயே நிக்கட்டும், எந்த ஊர் எங்க இருக்குன்னு என் கண்ணுக்குப் பழகிடும்" என்றார். இடம் மாறும்போது அடையாளம் தொலையாமல் காக்க நாங்கள் அத்தனை பாடுபட்டிருந்தோம். இடமே அடையாளமாக இருக்கட்டும் என்று அவர் கேட்டார். அன்றாடம் அந்தத் திரையைப் பார்ப்பவர் அவர், அவர் கேட்டதே சரி என்று பட்டது. இப்போது பட்டைகள் டேங்கர் வழித்தட வரிசையில் அசையாமல் நிற்கின்றன. சூட்டின்படி அடுக்க ஒரு பொத்தான் உண்டு, அதை அழுத்தும்போது மட்டும் அவை இடம் மாறுகின்றன.